கலம் திரும்பாத வாணிகம்: ஐதராபாத்தை முன்வைத்துச் சிற்றுறைகளின் வரலாறு

ஒருவர் ஒரு வேளைக்கு உண்பதையும் பருகுவதையும் தனியே அளந்து, தனியே பொதிந்து விற்கும் முறை இருபதாம் நூற்றாண்டில் தோன்றியது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. பேச்சு வழக்கில் ‘பாக்கெட்’ என்றும் வணிக வழக்கில் ‘சாஷே’ என்றும் சொல்லப்படும் நெகிழிச் சிற்றுறை அந்நூற்றாண்டின் இறுதிக் கால் பகுதியில்தான் பரவியது என்பது உண்மையே. ஆயினும் சிற்றளவில் விற்பது வேறு. சிற்றளவை மீளாத உறையில் இட்டு விற்பது வேறு. முன்னது மிகப் பழைய வழக்கம். பின்னது மட்டுமே புதியது. இவ்வேறுபாடு கவனிக்கப்படாமையால், நகரக் குப்பை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஏழை எளியோர் ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் பொருள் வாங்கும் பழக்கமே குப்பைக்குக் காரணம் எனச் சொல்லப்பட்டுவிடுகிறது.

இவ்வேறுபாட்டை ஆராய்வதற்கு ஐதராபாத் நகரம் நல்லதொரு களமாகும். ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தின் தலைநகராக இருந்தபோது, ஓர் அரசே முன்னின்று குடிபொருளைச் சிற்றுறையில் அடைத்து ஊர்தோறும் அனுப்பிய கொள்கை அங்குதான் வகுக்கப்பட்டது. மக்கள் எதிர்ப்பினால் அக்கொள்கை கைவிடப்பட்டதும் அங்குதான். தின்னத்தக்க கரண்டியைச் செய்து, உணவோடு கலத்தையும் உண்டுவிடலாம் என்று காட்டிய முயற்சியும் அந்நகருக்கே உரியது. சிற்றுறையின் இந்தியத் தோற்றமோ தமிழகத்துக் கடலூரோடு தொடர்புடையது. ஆகவே தமிழ், தெலுங்கு ஆகிய இரு நிலங்களையும் சேர்த்தே இவ்வரலாற்றைக் காண வேண்டியுள்ளது.

சொற்கள் காட்டும் பழைய முறை

பொட்டலம், தொன்னை, மொந்தை ஆகிய மூன்று தமிழ்ச் சொற்களுக்கும் உறவுடைய சொற்கள் தெலுங்கில் உள்ளன. பொட்டலம் அங்கே ‘பொட்லம்’, தொன்னை ‘தொன்னெ’, கள் வார்க்கும் மொந்தை ‘முந்த’. இவை மூன்றும் ஒருவருக்குரிய சிற்றளவைக் குறிக்கும் கலங்களின் பெயர்கள். பொட்டலம் இலையாலும் பின்னாளில் தாளாலும் கட்டப்பட்டது. தொன்னை இலையைக் குழித்துத் தைக்கப்பட்டது. மொந்தை மண்ணால் வனையப்பட்டது. இலை மண்ணில் மட்கும். மொந்தையோ கள் விற்பவரிடமே இருக்கும். குடித்தவர் கலத்தை அங்கேயே வைத்துவிட்டுச் செல்வார். ஆக, சிற்றளவுக் கலங்களின் முடிவு இரண்டே வகைப்பட்டது: ஒன்று மட்குதல், மற்றொன்று திரும்புதல். மூன்றாவதாக ஒரு முடிவு இச்சொற்களின் பொருளில் இல்லை.

இலக்கியத்திலும் இதற்குச் சான்று உண்டு. திருக்குருகாவூர் நோக்கிப் பசியோடும் நீர்வேட்கையோடும் வந்த சுந்தரருக்கு, வழியிலே பந்தலிட்டுக் காத்திருந்து இறைவன் பொதிசோறும் தண்ணீரும் அளித்த நிகழ்ச்சியைப் பெரியபுராணம் கூறுகிறது. அதே நூல், திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் அமைத்த செய்தியையும் தருகிறது. சோறு இலையில் பொதியப்பட்டு வழிப்போக்கருடன் செல்கிறது; தண்ணீர் பந்தலிலேயே இருக்கிறது, பருகுபவரே அதனை நாடி வருகிறார். உடன் செல்லும் பொருளுக்கு மட்கும் உறை, உடன் செல்லாத பொருளுக்கு நிலையான கலம் என்னும் பகுப்பு இவ்விரு நிகழ்ச்சிகளிலும் இயல்பாக அமைந்திருப்பது கருதத்தக்கது. தண்ணீர்ப்பந்தல் அறத்திற்கு நிலம் விட்டதைக் கூறும் கல்வெட்டுகள் நீர் வார்ப்பவரின் ஊதியத்தையும் கலத்திற்கான செலவையும் அறத்தின் பகுதியாகவே கொண்டன. கலத்தின் பொறுப்பு கொடுப்பவரைச் சேர்ந்தது என்பதே அதன் கருத்து. தெலுங்கு நாட்டில் இப்பந்தலுக்குச் ‘சலிவேந்திரம்’ என்று பெயர். ஐதராபாத்தில் கோடைதோறும் மண்பானைகளுடன் சலிவேந்திரங்கள் இன்றும் அமைக்கப்படுகின்றன. அதே கோடையில் பேருந்து நிலையங்களிலும் ஊர்வலங்களிலும் தண்ணீர் பாக்கெட்டுகளும் கைமாறுகின்றன. ஒரே தாகத்திற்கு இரு வேறு காலத்துத் தீர்வுகள் ஒரு தெருவில் அருகருகே நிற்பதை அங்குக் காணலாம்.

அந்நகரின் புகழ்பெற்ற இரானித் தேநீரும் சிற்றளவு வாணிகமே. சார்மினாரைச் சுற்றியுள்ள கடைகளில் கோப்பையும் தட்டுமாகத் தரப்பட்டுப் பருகியவுடன் கழுவிமீளும் அத்தேநீர், நாளொன்றுக்குப் பல நூறு பேருக்கு வழங்கப்பட்டும் குப்பையாக விட்டுச் செல்வது தேயிலைச் சக்கையை மட்டுமே. தாள் கோப்பை வந்த பிறகே இந்நிலை மாறியது. 1872ஆம் ஆண்டில் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற புட்டியே நம் நாட்டில் கோலி சோடாப் புட்டியாக நிலைபெற்றது. அதனை வாங்கியவர் கடை வாயிலில் நின்றே குடித்துப் புட்டியைத் திருப்பித் தர வேண்டும். புட்டியின் விலை பானத்தின் விலையினும் மிகுதி. அதனால் அது திரும்பியாக வேண்டியிருந்தது. இங்கே அறம் எதுவுமில்லை. கணக்கு மட்டுமே உண்டு. கலத்தின் மதிப்பு உள்ளீட்டின் மதிப்பினும் உயர்ந்திருந்தவரை கலம் தானே திரும்பியது.

கடலூரிலிருந்து வந்த உறை

நெகிழி இக்கணக்கை மாற்றியது. மெல்லிய நெகிழித்தாளை வெப்பத்தால் ஒட்டி மூடும் முறை எளிதானவுடன், உறையின் விலை உள்ளீட்டின் விலையில் மிகச் சிறு பகுதியாயிற்று. நீர்மப் பொருளை இவ்வாறு சிற்றுறையில் அடைத்து விற்கும் முறைக்கு இந்தியாவில் முன்னோடியாகக் குறிப்பிடப்படுபவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். 1970களில் அவர் செய்த முயற்சியின் தொடர்ச்சியாக, அவர்தம் குடும்பத்தார் வெல்வெட் என்னும் பெயரில் ஷாம்புச் சிற்றுறைகளைச் சந்தைக்குக் கொணர்ந்தனர். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டுடன் தனியே தொழில் தொடங்கி, தந்தையின் பெயரைச் சுருக்கிச் ‘சிக்’ எனத் தம் பொருளுக்குப் பெயரிட்டார். அந்நிறுவனமே பின்னர் கெவின்கேர் ஆயிற்று.

கடலூர் முயற்சி தலைக்கிடும் பொருளைப் பற்றியதாயினும், உணவுப் பொருள்களும் அவ்வழியே சென்றன. ஊறுகாய், காப்பித்தூள், மசாலைப்பொடி, நொறுக்குத்தீனி, தண்ணீர் என ஒவ்வொன்றும் சில்லறைக் காசின் அளவுக்குச் சிறுத்தது. பொருளை அளந்து அதற்கு விலை சொல்வது பழைய முறை. வாங்குவோர் கையிலுள்ள காசை முதலில் நிறுத்தி, அதற்கேற்பப் பொருளை அளப்பது சிற்றுறை முறை. கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத் 2004இல் வெளியிட்ட நூலில் வறியோரையும் சந்தைக்குள் கொணரும் வழியாகச் சிற்றளவுப் பொதியைச் சிறப்பித்துப் பேசினார். வளங்களை வீணாக்காமை வேண்டும் என்பதையும் அவர் தம் நெறிகளுள் ஒன்றாக வைத்தார் என்பது பலரால் நினைவுகூரப்படுவதில்லை.

சிற்றுறையால் விளைந்த நன்மையை மறுத்தல் நேர்மையன்று. திறந்த கலத்திலிருந்து அளந்து தரும் பொருளில் கலப்படம் செய்வது எளிது. அளவையில் ஏமாற்றுவதும் எளிது. மூடிய உறை இவ்விரண்டையும் பெரிதும் தடுத்தது. நாட்கூலி பெறுபவர் மாதத்துக்கான பொருளை ஒருசேர வாங்கும் நிலையில் இல்லை. ஆனால் இந்நன்மைகள் யாவும் மூடிய சிற்றளவினால் வந்தவை. உறை திரும்பாமையால் வந்தவை அல்ல.

இதனைக் காட்ட அத்தொழிலின் தொடக்க வரலாற்றிலேயே ஒரு செய்தி உண்டு. சிக் ஷாம்பு சந்தைக்கு வந்த காலத்தில், எந்த நிறுவனத்தின் ஷாம்பு உறையாயினும் ஐந்து வெற்றுறைகளைக் கொண்டுவந்து கொடுப்பவர்க்கு ஒரு சிக் உறை இலவசமாகத் தரப்பட்டது. பின்னர்த் தம் நிறுவனத்தின் உறைகளுக்கு மட்டுமே என அது வரையறுக்கப்பட்டது. இதனை அந்நிறுவனத்தார் தம் விற்பனை உத்தியாகவே நேர்காணல்களில் விவரித்துள்ளனர். குப்பையைக் குறைப்பது அவர்தம் நோக்கமன்று. நோக்கம் எதுவாயினும், கசக்கி எறியப்பட்ட வெற்றுறை மக்களால் பொறுக்கப்பட்டுக் கடைக்குத் திரும்பியது. சிற்றுறையைத் திரும்பப் பெறுதல் இயலாது எனப் பிற்காலத்தில் தொழில்துறை கூறிய வாதத்திற்கு அத்தொழிலின் முதல் அதிகாரமே மறுப்பாக அமைகிறது.

இவ்விடத்தில் எளிய கணக்கொன்றைக் கூறலாம். ஒரு பொருளை ஒத்த வடிவுள்ள நூறு பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே மூடினால், மூடுவதற்கு வேண்டிய மேற்பரப்பு முன்னையதைப் போல் ஏறத்தாழ 4.6 மடங்காகும். ஆயிரம் பகுதிகளாகப் பிரித்தால் 10 மடங்காகும். தட்டையான வடிவமும் நாற்புற ஒட்டு விளிம்பும் இதனை மேலும் மிகுவிக்கும். ஆகவே உறை எவ்வளவு மெல்லியது என்பதைவிட, உள்ளீடு எவ்வளவு சிறியது என்பதே குப்பையின் அளவை உறுதிசெய்கிறது. இக்கணக்கைச் சட்டம் எவ்வாறு எதிர்கொண்டது என்பது பின்னர்க் காட்டப்பெறும்.

வாருணி வாகினி

1983 ஜனவரியில் என்.டி. ராமராவ் ஆந்திரப் பிரதேச முதலமைச்சரானார். அவரது ஆட்சிக் காலத்தில், சாராயத்தைப் பாலித்தீன் உறைகளில் அடைத்து விற்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அதற்கு ‘வாருணி வாகினி’ என்று பெயர். ‘வருண வாகினி’ என்றும் ஆங்கில ஏடுகளில் எழுதப்பட்டது. வாருணி என்பது மதுவைக் குறிக்கும் பழைய வடசொல். தமிழ் அகராதிகளும் அப்பொருளில் அதனைத் தருகின்றன. வாகினி என்பது ஆறு. மது ஆறாகப் பாயும் என்னும் பொருளை ஓர் அரசுத் திட்டத்தின் பெயரே வெளிப்படையாகச் சொல்லியது வியப்புக்குரியது. பெயரிட்டவர் தெலுங்குப் புலமை உடையவராக இருந்திருக்க வேண்டும். பின்விளைவை எண்ணியவராகத் தோன்றவில்லை.

கொள்கைக்குச் சொல்லப்பட்ட காரணம் பொருளற்றதன்று. பீப்பாயிலிருந்து அளந்து விற்கப்பட்ட சாராயத்தில் கலப்படம் மிகுதியாக இருந்தது. நச்சுச் சாராய இறப்புகள் அக்காலத்தில் தென்னாட்டு மாநிலங்கள் அனைத்துக்கும் பொதுவான துயரம். மூடி முத்திரையிட்ட உறையில் குறித்த அளவு சாராயம் கிடைத்தால் குடிப்பவர் உயிருக்கு ஊறு நேராது. அரசுக்கு வரவேண்டிய வரியும் தப்பாது. ஷாம்புச் சிற்றுறைக்குக் கூறப்பட்ட தூய்மை, அளவு என்னும் இரு நன்மைகளே சாராயச் சிற்றுறைக்கும் கூறப்பட்டன என்பது நோக்கத்தக்கது.

விளைவோ வேறாயிற்று. பீப்பாய்ச் சாராயத்திற்குக் கடை வேண்டும். கடைக்கு இடம் வேண்டும். குடிப்பவர் அவ்விடத்திற்குச் செல்ல வேண்டும். மொந்தைக் கள்ளும் அவ்வாறே. குடி என்பது ஊரின் ஓர் ஓரத்தில், ஒரு நேரத்தில் நிகழ்வதாக இருந்தது. உறை வந்தபின் கடை தேவையற்றதாயிற்று. சைக்கிளிலும் தலைச்சுமையிலும் பெட்டிக்கடையிலும் சாராயம் பயணம் செய்தது. வயலுக்கும், வேலைத்தளத்திற்கும், வீட்டு வாசலுக்கும் அது வந்துசேர்ந்தது. கலம் கடைக்குத் திரும்ப வேண்டும் என்னும் கட்டு அறுந்தவுடன், குடிப்பவர் கடைக்கு வரவேண்டும் என்னும் கட்டும் உடன் அறுந்தது. சிற்றுறையின் வரலாற்றில் இதுவே மையமான செய்தி. குப்பை என்பது இவ்வறுந்த கட்டின் ஒரு விளைவு மட்டுமே. குடும்பத்தின் கூலிப்பணம் வயல்வரப்பிலேயே கரைந்தது மற்றொரு விளைவு. ஆந்திரப் பிரதேசத்தின் கலால் வருவாய் 1970-71இல் 39 கோடி ரூபாயாக இருந்து, 1991-92இல் 812 கோடி ரூபாயாக உயர்ந்தது. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் இவ்வளர்ச்சி பெரிது. இது முழுவதும் உறையினால் வந்தது எனக் கூறுதல் மிகையாகும். குத்தகை ஏலமுறை, அதனை ஒட்டிய அரசியல் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. எனினும் இவ்வளவு பொருளை இவ்வளவு சிற்றூர்களுக்கு எளிதில் கொண்டு சேர்க்கும் கருவியாக உறை அமைந்தது என்பதில் ஐயமில்லை.

எதிர்ப்பு தலைநகரில் தோன்றவில்லை. தமிழ்நாட்டை ஒட்டிய நெல்லூர் மாவட்டத்தில் தோன்றியது. அம்மாவட்டத்தில் நடத்தப்பட்ட எழுத்தறிவு வகுப்புகளுக்குக் கிராமப் பெண்கள் திரளாக வந்தனர். குடியால் சிதைந்த குடும்பத்தைப் பற்றிய சீதம்மாவின் கதை பாடப்புத்தகத்தில் இடம்பெற்றிருந்தது. தூபகுண்டா என்னும் சிற்றூரின் பெண்கள் 1992இல் தம் ஊரில் சாராய விற்பனையைத் தடுத்து நிறுத்தினர். அவர்களுள் முதன்மையாக நின்ற ரோசம்மா, பின்னர் ஊர்ப்பெயரோடு சேர்த்தே ‘தூபகுண்டா ரோசம்மா’ என அறியப்பட்டார். அந்நிகழ்ச்சி ‘பெண்கள் ஒன்றுபட்டால்’ என்னும் பொருள்படும் தலைப்பில் அடுத்த பாடப்புத்தகத்தில் பாடமாயிற்று. ஊரின் செயல் பாடமாக, பாடம் பல ஊர்களின் செயலாயிற்று. பெண்கள் சாராய உறைகளைக் கைப்பற்றி அழித்தனர். குத்தகை ஏலங்களைத் தடுத்தனர். குடிநீர் எட்டாத ஊருக்கும் சாராயம் எட்டுகிறதே என்பது அவ்வியக்கத்தைப் பற்றிய பதிவுகளில் மீளமீள வரும் முறையீடு. கடைக்கு முன் மறியல் செய்வது காந்தியடிகள் காலத்து மதுவிலக்குப் போராட்ட முறை. கடையே இல்லாத வாணிகத்தில் அம்முறை பயன்படாது. ஆகவே இப்பெண்கள் ஊருக்குள் உறை நுழையும் வழியையே மறித்தனர். போராட்டத்தின் வடிவத்தைக்கூட உறையின் வடிவம் மாற்றியமைத்தது எனலாம்.

ஐதராபாத்திலிருந்து வெளிவந்த ஈநாடு நாளிதழ் ‘சாராப்பை சமரம்’, அதாவது ‘சாராயத்தின் மீது போர்’, என்னும் தலைப்பில் இச்செய்திகளைத் தொடர்ந்து வெளியிட்டது. மனித உரிமைச் செயற்பாட்டாளர் கே. பாலகோபால் 1992இல் இவ்வியக்கம் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். ஐதராபாத்தின் பெண்ணிய ஆய்வு மையமான ‘அன்வேஷி’ களத்திற்குச் சென்று எழுதிய ஆய்வு 1993இல் வெளிவந்தது. நெல்லூர் மாவட்டத்தில் 1993 ஏப்ரலிலும், மாநிலம் முழுவதிலும் 1993 அக்டோபர் 1 முதலும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1994 இறுதியில் மீண்டும் ஆட்சிக்கு வந்த என்.டி. ராமராவ் 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கைக் கொணர்ந்தார். வாருணி வாகினியைத் தொடங்கிய அதே ஆட்சித் தலைவர் மதுவிலக்குக்கும் கையெழுத்திட நேர்ந்தது வரலாற்றின் முரண். அம்முழு விலக்கு 1997இல் தளர்த்தப்பட்டது. அண்டை மாநிலமான கர்நாடகத்தில் பாக்கெட் சாராயம் 2007 ஜூலை 1ஆம் நாள்வரை நீடித்தது.

இவ்வளவு பெரிய இயக்கத்தின் ஆவணங்களில் வெற்றுறை குப்பையானது பற்றிய பேச்சு மிக அரிது. உள்ளீட்டின் கேடு அத்துணைப் பெரிதாக இருக்கையில் உறையின் கேடு கண்ணில் படாதது இயல்பே. ஆனால் சாராயம் நீங்கிய பின்பும் உறை நீங்கவில்லை. உறையை ஊர்தோறும் கொண்டு செல்லும் பெட்டிக்கடை வழியும், வாங்கிக் கிழித்து எறியும் பழக்கமும் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. 1991க்குப் பிந்தைய பொருளாதாரத் தாராளமயத்தில் குட்காவும் பானமும் நொறுக்குத்தீனியும் அவ்வழியே சென்றன.

தடிமனை அளந்த சட்டம்

நெகிழிக் குப்பை பற்றிய நடுவண் அரசின் விதிகள் 1999இல் தொடங்குகின்றன. கைப்பையின் தடிமன் 20 மைக்ரானுக்குக் குறையக்கூடாது என்று அவை கூறின. 2011இல் அது 40 ஆயிற்று; 2016இல் 50; 2021 செப்டம்பரில் 75; 2022 இறுதியில் 120. இருபதாண்டுக்கு மேலாகச் சட்டம் அளந்தது தடிமனை. அதுவும் காய்கறிக் கடைக்காரர் தரும் பையின் தடிமனை. தொழிற்சாலையிலிருந்து மூடிவரும் சிற்றுறையின் உள்ளளவை எந்த விதியும் அளக்கவில்லை.

மாறாக, உள்ளளவின் சிறுமைக்குச் சலுகையே தரப்பட்டது. பொதிந்த பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகள், உறையின் மேல் பல விவரங்களை அச்சிட வேண்டும் என்று பணித்து, 10 கிராமுக்கும் 10 மில்லிலிட்டருக்கும் உட்பட்ட பொதிகள் பலவற்றுக்கு அதிலிருந்து விலக்கு அளித்தன. அச்சிட இடமில்லை என்பது காரணமாகலாம். ஆயினும் எது மிகச் சிறியதோ அதுவே மிகக் குறைந்த பொறுப்புடையது என்னும் நிலை இதனால் உருவாயிற்று.

சிற்றுறையைச் சட்டம் நேருக்கு நேர் தொட்டது ஒருமுறைதான். குட்கா, புகையிலை, பான்மசாலா ஆகியவற்றை நெகிழி உறையில் விற்கலாகாது என 2010 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2011 பிப்ரவரி விதிகளில் அத்தடை இடம்பெற்றது. பல அடுக்கு நெகிழி உறைகளை இரண்டாண்டுகளில் படிப்படியாக நீக்க வேண்டும் என 2016 மார்ச் விதிகள் கூறின. அவ்விரண்டாண்டு முடியும் தறுவாயில், 2018 மார்ச்சில், மறுசுழற்சிக்கோ எரிசக்திக்கோ வேறு பயனுக்கோ உதவாதவை மட்டும் நீக்கப்பட வேண்டும் எனத் திருத்தப்பட்டது. எரிப்பதும் ஒரு பயனே என்றபின் நீக்கப்பட வேண்டியவை அருகின. 2022 ஜூலை 1 முதல் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பொருள்களின் பட்டியலில் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல், காதுகுடையும் குச்சி யாவும் உள்ளன. உணவுச் சிற்றுறை இல்லை. அதற்கு மாற்றாக, உற்பத்தியாளரே குப்பைக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்னும் நெறிமுறை 2022 பிப்ரவரியில் வந்தது. அதிலும் பல அடுக்கு உறைகளை எரிசக்தி ஆலைக்கோ சிமெண்டுச் சூளைக்கோ அனுப்பினாலும் பொறுப்பு நிறைவேறியதாகக் கொள்ளப்படும்.

தமிழ்நாட்டு அரசின் 2018 ஜூன் ஆணை இவ்வகையில் ஓரடி முன்சென்றது. 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட 14 பொருள்களுள் தண்ணீர் பாக்கெட்டும் நெகிழி பூசிய தாள் கோப்பையும் பெயர் சுட்டிச் சேர்க்கப்பட்டன. தடிமனை விடுத்துப் பயனை நோக்கிய தடை இது. அதன் நடைமுறை ஊருக்கு ஊர் வேறுபட்டது என்பது தனியே ஆராயத்தக்கது.

மீண்டும் ஐதராபாத்

பல அடுக்கு உறை பொதுவாக மூன்று பொருள்களால் ஆனது. வெளியே அச்சேற்ற ஒரு தாள், நடுவே காற்றும் ஈரமும் புகாதிருக்க அலுமினியம், உள்ளே ஒட்டுவதற்குப் பாலித்தீன். மூன்றும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருப்பதே அதன் பயன். அதுவே அதன் குறையும் ஆகும். ஒரே பொருளாலான பால் உறையை இல்லத்தரசியர் கழுவி உலர்த்திச் சேர்த்துவைத்துப் பழைய பொருள் கடையில் விற்கின்றனர். குப்பை பொறுக்குவோரும் அதனை விடுவதில்லை. ஊறுகாய் உறையையோ நொறுக்குத்தீனி உறையையோ எவரும் எடுப்பதில்லை. எடைக்கு விலை பெறும் தொழிலில், எடையற்றதும் விலையற்றதுமான ஒன்றைக் குனிந்து எடுப்பது கூலிக்குக் கட்டாது. குனியும் ஒவ்வொரு முறைக்கும் பொறுக்குவோர் மனத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. நகராட்சிகளின் திட்ட அறிக்கைகளில் அக்கணக்கு இடம்பெறுவதில்லை.

2007இல் உருவான ஐதராபாத் பெருநகர மாநகராட்சியின் குப்பை பெரும்பாலும் நகரின் வடகிழக்கிலுள்ள ஜவகர் நகர் கிடங்கைச் சேர்ந்தது. அங்கே 2020இல் குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. சிற்றுறை எரியும், ஆனால் எரிவதற்கு அது முதலில் ஆலைக்கு வந்தாக வேண்டும். வடிகாலிலும் மூசி ஆற்றின் கரையிலும் கிடப்பது ஆலைக்கு வருவதில்லை. உணவு மணம் மாறாத உறைகளைக் கால்நடைகள் தின்பது மற்றொரு கேடு. புட்டபர்த்தியைச் சேர்ந்த கருணா சங்கம் 2012இல் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, மாடுகளின் வயிற்றிலிருந்து அறுவை செய்து எடுக்கப்பட்ட நெகிழிக் குவியலை நாட்டின் கவனத்துக்குக் கொணர்ந்தது.

இந்நகரில்தான் நாராயண பீசபாட்டி என்பவர் 2010இல் தின்னத்தக்க கரண்டியைச் செய்யத் தொடங்கினார். ஐதராபாத் அருகே பட்டான்செருவிலுள்ள பன்னாட்டு வறள்நிலப் பயிராய்வு நிறுவனமான இக்ரிசாட்டில் பணியாற்றியவர் அவர். சோளமாவோடு அரிசிமாவும் கோதுமைமாவும் சேர்த்துச் சுட்ட அக்கரண்டி, உண்டு முடித்தபின் தானும் உணவாகும்; எறியப்பட்டால் மண்ணாகும். நிலத்தடி நீர் குன்றுவதைக் கண்டு, நீர் குறைவாக வேண்டும் சோளத்திற்குப் புதுப் பயன் தேடியதும் இம்முயற்சியின் பின்னணியில் உண்டு. தொன்னையின் இயல்பை மாவினால் மீட்ட முயற்சி இது. ஆனால் கரண்டி உணவைக் காப்பதில்லை, உறை காக்கிறது. ஆறுமாதம் கெடாமல் கடையில் தொங்க வேண்டிய பொருளுக்கு மாவினாலான உறை உதவாது.

மட்குதல் இயலாத இடத்தில் எஞ்சியிருப்பது திரும்புதல். தமிழ்நாட்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலையீட்டினால் 2022 மே மாதம் நீலகிரி மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் ஒவ்வொரு மதுப்புட்டிக்கும் 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, வெற்றுப்புட்டியைத் தருபவர்க்கு அதனைத் திருப்பித் தரும் முறை தொடங்கியது. காட்டு வழிகளில் உடைந்து கிடந்து யானைகளின் காலைக் கிழித்த புட்டிகளே அவ்வழக்கின் தொடக்கம். விற்ற புட்டிகளில் பெரும்பகுதி திரும்பியது; முறை பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. சோடாப் புட்டியின் பழைய கணக்கை நீதிமன்றம் ஆணையால் மீட்டது என்று இதனைக் கொள்ளலாம். ஆனால் இரண்டு ரூபாய்ச் சிற்றுறைக்கு 10 ரூபாய் வைப்புத்தொகை பொருந்தாது. ஐம்பது காசு வைப்பும் வாங்குபவர்க்குச் சுமையாகும், கடைக்காரர்க்குச் சில்லறைத் தொல்லையாகும். காசின்றி உறைக்கு உறையே மாற்றாகும் முறைதான் அவ்வளவு சிறிய விலைக்குப் பொருந்துவது. ஐந்து வெற்றுறைக்கு ஒரு நிறையுறை என்று 1980களில் தமிழகத்துப் பெட்டிக்கடைகளில் நடந்தது அம்முறையே. அது நிறுத்தப்பட்டது மக்கள் கொண்டுவராமையால் அன்று. விற்பனை போதிய அளவு பெருகிவிட்டமையால்.